காற்றைக் குறைத்து ஓட்டிய வண்டி: ஏழு இருக்கைக் குடும்ப வண்டிக்கு டயர் மாற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் மூன்று பேர். வண்டியும் ஏழு பேர் உட்காரும் பெட்ரோல் வண்டிதான். முன்சக்கர இழுவை. 2019 தொடக்கத்தில் புதிதாக வாங்கியது. வார நாள்களில் பள்ளிக்கூடம், உரக்கடை, சந்தை என்று சுற்றுப்பட்டிலேயே ஓடும். வீட்டு மகளை வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் கட்டிக்கொடுத்திருப்பதால், மாதம் ஒருமுறையாவது எல்லோரும் ஏறிக்கொண்டு மலைக்குப் போவார்கள். ஆழியாறில் தொடங்கி 40 கொண்டை ஊசி வளைவுகள். திரும்பி வரும்போது பின்னால் சாமான் மூட்டை வேறு.

எங்களுடையது வீல் அலைன்மென்ட் பட்டறை, அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்யும் இடம். பேலன்சிங், பஞ்சர் வேலையும் உண்டு. டயர் விற்பதில்லை. ஆகவே எந்த நிறுவனத்து டயரை யார் வாங்கினாலும் எங்களுக்கு வரவும் இல்லை, செலவும் இல்லை. குடும்பத்தார் சம்மதத்தோடு, ஆள் அடையாளம் தெரியாத அளவுக்கு இதை எழுதுகிறேன். டயர் நிறுவனப் பெயர்களையும் விட்டுவிட்டேன். எந்தப் பெயர் என்பதைவிட எதைப் பார்த்து வாங்கினார்கள் என்பதுதான் இந்தக் கதையில் விஷயம்.

மலையிறக்கத்தில் நடந்தது

2023 ஜூலை. தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பிடித்திருந்த சமயம். வால்பாறையிலிருந்து இறங்கும்போது, ஒரு வளைவில் மகன் பிரேக்கை மிதித்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பியிருக்கிறார். ஸ்டீயரிங் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் காக்கும் ஏபிஎஸ் கடகடவென்று காலுக்கு அடியில் உதைத்தது. முன்பக்கம் நேராகவே சறுக்கிப் போய், சாலையோரத் தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. வேகம் 30-க்கு மேல் இருக்காது என்கிறார். இரண்டாவது கியரில்தான் இறங்கிக்கொண்டிருந்தார்.

யாருக்கும் அடியில்லை. வண்டியிலும் கீறல் இல்லை. ஆனால் மருமகள் அன்றைக்கே சொல்லிவிட்டாராம், டயரைப் பார்க்காமல் இனி மலைக்குக் கிளம்ப வேண்டாம் என்று.

பட்டறையில் பார்த்தது

வண்டி வந்தபோது ஓட்டம் சுமார் 47,000 கி.மீ. டயர்கள் வண்டியோடு வந்த அதே ஐந்து: 185/65 ஆர்15, 88எச். இதில் 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 15 என்பது ரிம்மின் அங்குலம். 88 என்பது எடைக் குறியீடு, ஒரு டயருக்கு 560 கிலோ வரை. எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை தாங்கும்.

பட்டன் ஆழத்தை, அதாவது சாலையில் படும் ரப்பரில் உள்ள பள்ளங்களின் ஆழத்தை, அளவுகோல் வைத்துப் பார்த்தோம். முன் டயர்கள் நடுவில் 2.4 மி.மீ., இரண்டு ஓரங்களிலும் 1.7. பின் டயர்களில் 3.5-க்குப் பக்கம். புதிதில் இந்த வகை டயரில் 8 மி.மீ. அளவுக்கு இருக்கும். காருக்கு மோட்டார் வாகன விதிகள் வைத்திருக்கும் எல்லை 1.6 மி.மீ. பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடாக இருக்கும் தேய்மானக் குறி அந்த உயரத்துக்குத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. ஆக சட்டப்படி முன் டயர்கள் இன்னும் செத்துப்போகவில்லை. மழைக்கும் மலைக்கும் அந்தச் சட்டக் கணக்கு போதாது. 3 மி.மீ.-க்குக் கீழே இறங்கினாலே ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும் தூரம் நீள ஆரம்பித்துவிடும். மழைக்காலத்தில் மலைக்குப் போகும் வண்டிகளுக்கு நாங்கள் சொல்வது அந்த 3 தான்.

எங்கள் கண்ணில் முதலில் பட்டது ஆழம் அல்ல, தேய்ந்த விதம். நடு நன்றாக இருந்து இரண்டு ஓரமும் தேய்ந்தால், வண்டி நெடுங்காலம் காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறது என்று பொருள். காற்று அதிகமாக ஓடியிருந்தால் நடு தேயும். ஒரு பக்க ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் கோளாறு. திட்டுத்திட்டாகக் குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பரைப் பார்க்க வேண்டும். இந்த வண்டியில் முதல் வகை தெளிவாக இருந்தது. கூடவே இடது முன் டயரின் உள்ஓரம் கூடுதலாகத் தேய்ந்து, கையால் தடவினால் ரம்பப் பல் போல நெருடியது. அது டோ கோளாறு, அதாவது சக்கரம் நேராகப் பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்பது. வண்டியைத் தூக்கி ஆட்டிப் பார்த்ததில் இடது டை ராடு எண்டில், அதாவது ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனையில், ஆட்டம் இருந்தது.

காற்றை அளந்தோம். கதவுத் தூணில் கம்பெனிக்காரர்கள் ஒட்டிய அட்டையில் உள்ளதைவிட முன்னால் 5, பின்னால் 6 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) குறைவு. வண்டி தோப்பிலிருந்து ஓடி வந்து சூடாக நிற்கிறது. சூட்டில் காற்றழுத்தம் ஏறும். அட்டையில் இருப்பதோ டயர் ஆறியிருக்கும்போது இருக்க வேண்டிய அளவு. மறுநாள் காலை வண்டியை எடுக்கும் முன்பே வீட்டில் அளக்கச் சொன்னோம். முன்னால் 8, பின்னால் 9 குறைவு என்று போன் வந்தது.

இன்னொன்றும் இருந்தது. பின் வலது டயரின் பக்கச்சுவரில் எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்பு. ஏதோ குழியில் ஓங்கி இறங்கி உள்நூல் அறுந்திருக்கிறது. பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அந்த டயர் இனி ஓடக்கூடாது. குடும்பத்தில் யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை. புடைப்பு உட்பக்கம் இருந்ததால் வெளியே நின்று பார்த்தால் தெரியாது.

வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியை ஒருமுறைகூட இறக்கியதில்லை. சேறு காய்ந்து மூடியிருந்தது. கழுவிப் பார்த்தால் புதுப் பட்டன் அப்படியே இருக்கிறது. காற்று மட்டும் பாதிதான். ஐந்து டயரிலும் தேதி எண் 4818, அதாவது 2018-ஆம் ஆண்டின் 48-ஆவது வாரம்.

காற்று ஏன் குறைந்திருந்தது

மறந்துபோய்க் குறைந்திருந்தால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. இங்கே தெரிந்தே குறைத்திருந்தார்கள்.

தாத்தா முப்பது வருடம் சொந்த லாரி ஓட்டியவர். பெட்ரோல் பங்கில் வண்டி நின்றால் காற்றுப் பிடிக்கிற பையனிடம் அவர்தான் அளவு சொல்வார். "காத்து கொஞ்சம் கம்மியா இருந்தாத்தானுங்க மழையில ரோட்டப் புடிக்கும். வெயில்ல ரொம்ப இருந்தா வெடிச்சுப்போயிருமுங்க. லாரி ஓட்டுன காலத்துல இருந்தே பாத்துட்டு வர்றேன்" என்றார். இதே பேச்சை எங்கள் பட்டறையில் கேட்காத மாதம் கிடையாது. அவர் சொல்வதைச் சும்மா தள்ளிவிட முடியாது. மணலிலும் சேற்றிலும் மாட்டிய வண்டிக்குக் காற்றை இறக்கினால் டயர் அகலமாகப் படிந்து ஏறி வரும். அது உண்மை. அந்த அனுபவம் தார்ச்சாலைக்குப் பொருந்தாது என்பதுதான் சிக்கல்.

அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். காற்றுக் குறைந்த டயரில் சுமையை ஓரங்கள் தாங்கும், நடுப்பகுதி சாலையை அழுத்தாது. தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய பள்ளங்கள் நெருக்கிக்கொள்ளும். வேகச் சாலையில் தண்ணீர் தேங்கியிருந்தால், காற்றுக் குறைந்த டயர் இன்னும் குறைந்த வேகத்திலேயே தண்ணீர்மேல் மிதக்க ஆரம்பிக்கும். வளைவிலோ பக்கச்சுவர் மடங்குவதால், ஸ்டீயரிங் திருப்பியபின் வண்டி திரும்புவதற்குத் தாமதமாகும். ஓரம் ஏற்கெனவே தேய்ந்து, ஐந்து வருடத்தில் ரப்பரும் இறுகிப்போயிருந்தால், அந்த வளைவில் நடந்தது வியப்பே இல்லை.

வெடிப்புக் கணக்கும் தலைகீழ். சித்திரை வெயிலில் ஓடும்போது அழுத்தம் நாலைந்து பிஎஸ்ஐ ஏறுவது இயல்பு. டயரை வடிவமைத்தவர்கள் அதைக் கணக்கில் வைத்துத்தான் ஆறிய டயருக்கு அளவு கொடுத்திருக்கிறார்கள். காற்றுக் குறைந்த டயரில் ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கச்சுவர் கூடுதலாக மடங்கி நிமிரும். மடங்க மடங்கச் சூடு. ஏழு பேரும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு நான்குவழிச் சாலையில் மணிக்கணக்கில் போகும்போது, டயரைப் பிரிக்கிற சூடு அப்படித்தான் சேர்கிறது.

பெரியவர் முழுக்க ஒத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். "லாரி டயரும் இதும் ஒண்ணு இல்லைங்கறீங்க" என்றார். "ஆமாங்கய்யா, லாரிக்குக்கூட நீங்க லோடு ஏத்துனா காத்து ஏத்தித்தானே பிடிப்பீங்க" என்றதற்குச் சிரித்தார். பேச்சு அதோடு நின்றது.

வந்த யோசனைகள், எடுத்த முடிவு

முதல் யோசனை பெரியவருடையது: முன்னால் இரண்டு மட்டும் புதுசு, பின்னால் இருப்பது அப்படியே. லாரியாக இருந்தால் தேய்ந்த டயர்மேல் புது ரப்பர் ஒட்டும் ரீபட்டனே போட்டிருப்பேன் என்றார். லாரி டயருக்கு அது நடைமுறை. காரின் ரேடியல் டயருக்கு அந்த வழியை யாரும் பார்ப்பதில்லை.

இரண்டு மட்டும் மாற்றுவது பல வீடுகளில் நியாயமான முடிவுதான். அப்படி மாற்றினால் புதிய இரண்டையும் பின்னால் போட்டு, பாதி தேய்ந்ததை முன்னால் கொண்டுவர வேண்டும். முன்சக்கர இழுவையாக இருந்தாலும் அப்படித்தான். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும். ஆக்சிலேட்டரை விட்டால் பெரும்பாலும் மீளும். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழலும். சாதாரண ஓட்டுநர் அதைச் சமாளிப்பது கடினம். இங்கே அந்த வழியை அடைத்தது பின் வலது டயரின் புடைப்பு. கழிக்க வேண்டியது மூன்று என்றாகிவிட்டது. ஸ்டெப்னியை மூன்றாவதாகப் போடலாமே என்று மகன் கேட்டார். ஒரே அச்சில் ஒரு பக்கம் 8 மி.மீ., மறுபக்கம் 3.5 என்றால் மலையில் பிரேக் அடிக்கும்போது பிடிமானம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது. நான்கும் மாற்றுவது என்று முடிவானது.

அடுத்தது அளவு. முதலில் போன டயர் கடையில் 195/65 ஆர்15 போடச் சொல்லியிருக்கிறார்கள்: அகலம் கூடும், பார்க்க நிறைவாக இருக்கும், பிடிப்பும் கூடும் என்று. கணக்குப் போட்டுப் பார்த்தோம். 185/65-இன் முழு விட்டம் 621.5 மி.மீ. 195/65-க்கு 634.5. இரண்டு சதவீதம் பெரிது. வேகமானி 100 காட்டும்போது வண்டி 102-க்குப் பக்கம் ஓடும். அது பெரிய குற்றமில்லை. ஆனால் ஏழு பேரோடு மலை ஏறும் பெட்ரோல் வண்டிக்கு இழுவை கொஞ்சம் மந்தமாகும்; மூன்றாவது வரிசையிலும் ஆள் இருக்கும்போது பின் சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவுக்குள் இடைவெளி குறையும்; தேங்கிய தண்ணீரில் அகல டயர் சீக்கிரம் மிதக்கும். இத்தனைக்கும் ஈடாக என்ன கிடைக்கும் என்றால், பார்வைக்கு நிறைவு. தயாரிப்பாளர் கொடுத்த அளவிலேயே இருக்கச் சொன்னோம். 88எச் என்பதையும் குறைக்கக் கூடாது. ஏழு இருக்கை வண்டியில் எடைக் குறியீட்டில் மிச்சம் பிடிக்க எதுவுமில்லை.

மூன்றாவது கேள்வியில்தான் நேரம் போனது: நீண்ட நாள் உழைக்கும் டயரா, ஈரத்தில் பிடிக்கும் டயரா. இரண்டும் ஒரே டயரில் முழுசாகக் கிடைக்காது. கடைக்காரர் முதலில் காட்டியது, எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் என்பதைச் சொல்லி விற்கும் வகை. மகனுக்கும் அதில்தான் மனசு. நாங்கள் கேட்டது ஒன்றுதான்: இந்த வண்டி வருடத்துக்கு எவ்வளவு ஓடுகிறது? நாலரை வருடத்தில் 47,000 என்றால் வருடத்துக்குப் பத்தாயிரத்தைச் சற்றுத் தாண்டும். எந்த நல்ல டயரும் இந்த ஓட்டத்தில் நாலு வருடம் தாங்கும். அதற்குள் ரப்பர் இறுகத் தொடங்கிவிடும். இன்னும் கூடுதலாக உழைக்கும் டயர் இவர்களுக்குத் தேயாமலே கிழடாகிவிடும். டாக்சி ஓட்டுபவருக்கு நேரெதிரான பதிலைத்தான் சொல்லியிருப்போம். வருடத்துக்கு அறுபதாயிரம் ஓடுபவருக்கு உழைப்புதான் காசு. இவர்களுக்கோ வண்டியின் மிக மோசமான நேரம் எது என்றால், மழையில் நனைந்த மலையிறக்கம், உள்ளே ஏழு பேர்.

ஈரப் பிடிப்பை எதை வைத்துத் தெரிந்துகொள்வது? 2022 ஜூனில் மத்திய அரசு டயர்களுக்கான ஏஐஎஸ்-142 தரத்தைக் கட்டாயமாக்கி அறிவித்தது. உருளும் தடை (டயர் உருளும்போது வண்டியைப் பின்னிழுக்கும் தடை), ஈரப் பிடிப்பு, சத்தம் ஆகிய மூன்றுக்கும் அது குறைந்தபட்ச எல்லை வைத்தது. அது தேர்ச்சி மதிப்பெண் மாதிரிதான். யார் முதல் மாணவர் என்று அதில் தெரியாது. சில டயர்களின் பக்கச்சுவரில் தேய்மானத்தைக் குறிக்கும் டிரெட்வேர் எண்ணும், பிடிப்பைக் குறிக்கும் டிராக்ஷன், சூடு தாங்குவதைக் குறிக்கும் டெம்பரேச்சர் எழுத்துகளும் இருக்கும். டிராக்ஷனில் ஏஏ மேலே, சி கீழே. அது ஈரத்தில் நேராகப் பிரேக் பிடிப்பதை மட்டும் சொல்லும், வளைவைச் சொல்லாது. டிரெட்வேர் எண்ணைத் தயாரிப்பாளரே குறித்துக்கொள்வதால் ஒரு நிறுவனத்தின் இரண்டு டயரை ஒப்பிடலாம், இரண்டு நிறுவனங்களை ஒப்பிட்டால் ஏமாறுவோம். ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்பதால் அது எல்லாவற்றிலும் இருந்தது. கடைசியில் டிராக்ஷன் ஏ, சுற்றுவாட்டில் நான்கு அகலப் பள்ளம், சிலிக்கா கலந்த ரப்பர் என்று தயாரிப்பாளர் சொல்லும் ஒரு நடுத்தர விலை டயரை எடுத்தார்கள். ஒன்று ஐயாயிரத்துக்குச் சற்று மேலே வந்தது. உழைப்பைச் சொல்லி விற்றதைவிட ஒன்றுக்கு எழுநூறு ரூபாய் கூடுதல்.

தேதியில் ஒரு சின்ன இழுபறி. கடையில் கொண்டுவந்த டயரில் 2021 என்றிருந்தது. மகன் அதை ஆண்டு என்றே நினைத்து, ரெண்டு வருசப் பழசா என்று கேட்டிருக்கிறார். அது 2021-ஆம் ஆண்டின் 20-ஆவது வாரம். நினைத்த காரணம் தவறு, கேட்ட கேள்வி சரி. இரண்டு வருடம் கிடங்கில் நிழலில் கிடந்த டயர் கெட்டுப்போய்விடாது. ஆனால் வருடத்துக்குப் பத்தாயிரமே ஓடும் வண்டிக்கு வயதுதான் முதலில் தீரும் என்பதால், புதுத் தேதி கேட்பதில் பொருள் உண்டு. மூன்று நாள் காத்திருந்து 2023-இல் தயாரானவற்றை வாங்கினார்கள்.

மாட்டிய அன்று

முதலில் டை ராடு எண்டை மாற்றினோம். ஆட்டத்தை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் பார்த்தால் பட்டறை வாசலைத் தாண்டும்போதே கலைந்துவிடும். பிறகு நான்குக்கும் புது ரப்பர் வால்வு, பேலன்சிங், கடைசியாக அலைன்மென்ட். இடது முன் டோ தள்ளியிருந்தது, சரியாயிற்று. நட்டுகளை ஏர் கன்னில் முடுக்கி விட்டுவிடாமல், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் முடித்து, நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை சரிபார்க்க வரச் சொன்னோம். நைட்ரஜன் வேண்டுமா என்று கேட்டார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். மாதம் ஒருமுறை அளக்கிறவருக்குச் சாதாரணக் காற்றே போதும். அளக்காதவரை நைட்ரஜனும் காப்பாற்றாது.

ஸ்டெப்னியில் வெடிப்போ கீறலோ இல்லை. காற்றை முழுசாக ஏற்றி, பஞ்சர் ஆனால் பக்கத்துக் கடைவரை போக மட்டும் என்று சொல்லி வைத்துக்கொண்டோம். ஐந்து வருடத்தைத் தாண்டிய டயரை வருடம் ஒருமுறை பார்ப்பதும், பத்து வருடத்துக்கு மேல் எப்படி இருந்தாலும் கழிப்பதும் பொது வழக்கம். பழைய நான்கில் புடைப்பு விழுந்ததை அறுத்துவிட்டுத்தான் கொடுத்தோம். அறுக்காமல் கொடுத்தால் அது ஏதாவது ஒரு வண்டியில் போய் ஏறிவிடும்.

முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டச் சொன்னோம். டயரை வார்க்கும் அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டியிருக்கும் வழவழப்பு தேயும்வரை புது டயரும் வழுக்கும். மழைநாளில் புது டயர் போட்டுக்கொண்டு நேராக மலைக்குக் கிளம்புகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

அதன் பிறகு

முதல் குறை பெரியவரிடமிருந்து வந்தது: வண்டி தூக்கிப் போடுகிறது. உண்மைதான். எட்டு பிஎஸ்ஐ குறைவில் மெத்தை போல ஓடிய வண்டி, சரியான அளவில் குழியைக் காட்டிக்கொடுக்கும். ஒரு வாரத்தில் யாரோ காற்றை மறுபடி மூன்று பிஎஸ்ஐ இறக்கியிருந்தார்கள். யார் என்று யாரும் கேட்கவில்லை. மருமகள் ஒரு காற்று அளவுமானி வாங்கி, மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் தானே அளந்து, அளவைக் காலண்டரில் எழுதத் தொடங்கினார். அதற்குப் பிறகு இறங்கவில்லை.

ஐப்பசி மழையில் மலைக்குப் போய்வந்தார்கள். ஸ்டீயரிங் திருப்பிய உடனே திரும்புகிறது என்றார் மகன். இதில் புது டயரின் பங்கு எவ்வளவு, காற்றின் பங்கு எவ்வளவு, டை ராடின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மூன்றையும் ஒரே நாளில் செய்தோம்.

10,000 கி.மீ. ஆனபோது அளந்தோம். முன்னால் 6.5, பின்னால் 7.2. ஓரமும் நடுவும் ஒரே அளவு. முன்னும் பின்னும் மாற்றிப் போட்டோம். இடையில் ஒரு டயரில் ஆணி ஏறியது. நடுப்பட்டனில் என்பதால் கழற்றி உள்ளிருந்து காளான் பிளக் வைத்தோம். அதே ஆணி பக்கச்சுவரில் ஏறியிருந்தால் அந்த டயருக்கு வைத்தியம் இல்லை.

குடும்பம் கழற்றிய நான்கையும் வைத்து ஒரு கணக்குப் போட்டால், சரியான காற்றும் சுழற்சியும் இருந்திருந்தால் அவை இன்னும் ஒரு வருடம் போயிருக்கும். முன்பக்க டயர்கள் மட்டும் வேகமாகத் தேய்ந்ததற்கு ஒரு காரணம், நாலரை வருடத்தில் ஒருமுறைகூட முன்பின் மாற்றாதது.

மாற்ற வேண்டியவை

வால்பாறைப் பக்கம் போகிறவர்கள் டயரைப் பார்க்க வேண்டிய மாதம் மே. கோவை, பொள்ளாச்சிச் சமவெளியில் இருப்பவர்கள் வடகிழக்குப் பருவமழையைக் கணக்கு வைத்துப் புரட்டாசியில் பார்ப்பார்கள். மலைக்குத் தென்மேற்குதான் பெரிய மழை. இந்தக் குடும்பம் இப்போது மே மாதமே வண்டியை விடுகிறது.

பார்க்கும்போது டயரின் உட்பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி நிறுத்தினால் முன் டயரின் உட்பக்கம் தெரியும். பின் டயருக்குக் குனிந்துதான் ஆக வேண்டும், அல்லது செல்போனை உள்ளே நீட்டிப் படம் எடுக்கலாம்.

எங்கள் பட்டறையிலும் ஒன்று மாறியது. வேலைச்சீட்டில் காற்றழுத்தத்துக்கு இப்போது இரண்டு கட்டம் இருக்கிறது: ஓடி வந்த சூட்டில் ஒன்று, மறுநாள் காலை வீட்டில் அளந்து போனில் சொல்வது ஒன்று. பாதிப் பேர் இரண்டாவதைச் சொல்வதில்லை. சொல்கிறவர்களின் எண்ணைப் பார்த்த பிறகுதான் தேய்மானத்துக்கான காரணத்தை எழுதுகிறோம்.